விலகி நிற்கத் தெரிந்த வயலின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், கச்சேரியில் பக்கவாத்தியம் வாசிக்கும் வயலின் கலைஞர் எந்த இடத்தில் அடங்கி வாசிக்க வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டதற்குப் பதில் எழுதுகையில், பெல்ஜியம் நாட்டு வயலின் கலைஞர் ஆர்தர் க்ரூமியோவின் பெயரை ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இம்முறை இப்பகுதியை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டன. கோவில் திருவிழா பற்றியும் நாட்டுக்கூத்து பற்றியும் கேட்டிருந்தவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: காலஞ்சென்ற என் சித்தப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் ரோட்டர்டாமில் வாங்கி வந்த இசைத்தட்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய எங்கள் வீட்டில் இருக்கின்றன. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன்; பதினொரு தட்டுகளில் க்ரூமியோவின் பெயர் இருக்கிறது. பட்டியலை இத்துடன் அனுப்பியுள்ளேன். கர்நாடக இசை மட்டுமே கேட்டுப் பழகிய எனக்கு எதில் தொடங்குவது என்று தெரியவில்லை. யார் இவர்?
(வாசகி, உப்புவெளி)

பதில்: தாங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தால், சித்தப்பா கடையில் கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வந்தவர் அல்லர் என்பது விளங்குகிறது. வயலின் இசைத்தட்டு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது, ஒருவர் முன்னால் நின்று வாசிக்க அறுபது எழுபது பேர் பின்னால் அமர்ந்து வாசிக்கும் கொன்செர்ட்டோக்களைத்தான். அவர் வாங்கியவற்றில் பாதிக்கு மேல் இரண்டு பேர், மூன்று பேர், ஐந்து பேர் சேர்ந்து வாசித்தவை. க்ரூமியோவின் இசைக்குள் நுழைவதற்கு அதுவே சரியான வாசல் என்பது என் எண்ணம்.

அவர் 1921இல் பெல்ஜியத்தில் வில்லேர்-பெர்வேன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஷார்லெருவா நகரின் இசைப்பள்ளியில் வயலினையும் பியானோவையும் சேர்த்தே கற்றார். பின்னர் பிரசல்ஸில் ஆல்ஃபிரட் டுபுவாவிடமும், பாரிஸில் ருமேனியக் கலைஞர் ஜோர்ஜ் எனெஸ்குவிடமும் பயின்றார். அவருடைய பதிவுகளில் மிகப் பெரும்பாலானவை பிலிப்ஸ் நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டவை. ஒல்லாந்துத் துறைமுகத்தில் இறங்கிய தங்கள் சித்தப்பாவின் கையில் அவை இத்தனை எளிதாக அகப்பட்டதற்கு அது காரணமாக இருக்கலாம். 1973இல் பெல்ஜிய அரசர் அவருக்கு பாரன் பட்டம் வழங்கினார். 1986இல் பிரசல்ஸில் காலமானார்.

தங்கள் பட்டியலில் நான்காவதாக உள்ள தட்டை முதலில் எடுங்கள். அதில் அவருடன் பியானோ வாசிப்பவர் கிளாரா ஹாஸ்கில். 1895இல் புக்கரெஸ்டில் பிறந்த இந்த அம்மையார் க்ரூமியோவைவிட இருபத்தாறு வயது மூத்தவர். இருவரும் சேர்ந்து பீத்தோவனின் பத்து வயலின் சொனாட்டாக்களையும் 1956, 1957ஆம் ஆண்டுகளில் பதிவு செய்தார்கள். (சொனாட்டா என்பது ஓரிரு வாத்தியங்களுக்கென்றே எழுதப்பட்ட, சில பகுதிகள் கொண்ட படைப்பு.) மோட்சார்ட்டின் சொனாட்டாக்களில் ஆறையும் அதே காலப்பகுதியில், 1956க்கும் 1958க்கும் இடையில், பதிவு செய்தார்கள். அந்த ஆறில் கே. 304 என்று எண்ணிட்ட சொனாட்டாவில் முள்ளை வையுங்கள். (கே. என்பது கெஷெல் என்பவர் மோட்சார்ட்டின் படைப்புகளுக்குத் தொகுத்த பட்டியலின் எண்.)

அது 1778இல், மோட்சார்ட் தம் தாயாருடன் பயணமாகி பாரிஸில் தங்கியிருந்த காலத்தில் முடிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் தாயார் அதே ஊரில் இறந்துபோனார். இரண்டே பகுதிகள் கொண்ட சிறிய சொனாட்டா. தொடக்கத்தில் வயலினும் பியானோவும் ஒரே சுரவரிசையை, எந்த அலங்காரமும் இல்லாமல், மென்மையாகச் சேர்ந்தே சொல்கின்றன. இருவர் ஒரே சொல்லைச் சொல்லும்போது யார் குரல் முந்துகிறது என்று கவனிப்பது நம் பழக்கம்; இங்கே அது அகப்படாது. இரண்டாம் பகுதியை பியானோ தனியாகவே தொடங்குகிறது. ஹாஸ்கில் அந்தப் பல்லவியை (வேறு சொல் இல்லாததால் அப்படிச் சொல்கிறேன்) வாசித்து முடித்த பிறகுதான் வயலின் அதை எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொள்ளும்போது க்ரூமியோ ஒரு துளிகூடக் குரலை உயர்த்துவதில்லை. ஹாஸ்கில் விட்ட இடத்திலிருந்து, அவர் விட்ட அளவிலேயே தொடங்குகிறார். கச்சேரியில் பாடகர் ஆலாபனையை நிறுத்திய கணத்தில் அந்தக் கடைசிச் சுரத்தைப் பற்றிக்கொண்டு மேலே போகும் நல்ல பக்கவாத்தியக்காரரைத் தாங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். அந்தக் காதுடனேயே இதைக் கேளுங்கள். வேறு தயாரிப்பு வேண்டியதில்லை.

மோட்சார்ட் காலத்தில் இவ்வகைச் சொனாட்டாக்கள் வயலின் துணையுடன் கூடிய பியானோச் சொனாட்டாக்கள் என்றே அச்சிடப்பட்டன என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் பெயர் பெற்ற வயலின் கலைஞர்கள் பலர் அதை மறந்து, பியானோ வாசிப்பவரைத் தபேலாக்காரர் போல ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பீத்தோவன் பதிவுகள் ஒற்றை ஒலிவழியில், அதாவது மோனோவில், செய்யப்பட்டவை. இரண்டு ஒலிபெருக்கியிலும் ஒரே சத்தம்தான் வரும். அது தட்டின் பழுது அன்று.

1960 டிசம்பரில், க்ரூமியோவுடன் வாசிக்க வேண்டிய ஒரு கச்சேரிக்காக ரயிலில் பிரசல்ஸ் வந்து இறங்கிய ஹாஸ்கில், நிலையத்தின் படிக்கட்டில் தவறி விழுந்தார். அந்தக் காயத்தால் மறுநாள், 7ஆம் திகதி, உயிர் பிரிந்தது. க்ரூமியோ பிறகும் கால் நூற்றாண்டு வாழ்ந்து பல பியானோக் கலைஞர்களுடன் வாசித்தார். அவற்றில் நல்லவை உண்டு. ஆனால் தங்கள் பெட்டியில் இருக்கும் அந்த நான்காம் தட்டை வேறு எதற்கும் மாற்றாகக் கொடுத்துவிட வேண்டாம்.

கேள்வி: க்ரூமியோ தானே வயலினும் தானே பியானோவும் வாசித்து ஒரு பதிவு செய்தார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா, அல்லது கதையா?
(வாசகர், நிலாவெளி)

பதில்: உண்மை. மோட்சார்ட்டின் கே. 481 சொனாட்டாவையும் பிராம்ஸின் இரண்டாவது வயலின் சொனாட்டாவையும் 1950களின் பிற்பகுதியில் இவ்வாறு பதிவு செய்தார். ஒரு வாத்தியத்தைப் பதிந்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டே மற்றதை வாசித்துச் சேர்ப்பது. இன்று கல்யாண வீட்டுப் பாட்டுக்குக்கூடச் செய்கிறார்கள். அன்று அது அபூர்வம். பியானோ அவருக்குப் பொழுதுபோக்கு அன்று, சிறுவயதிலேயே முறையாகக் கற்றது. ஹாஸ்கிலும் இளமையில் வயலின் பயின்றவரே; இருவரும் ஒத்திகையில் விளையாட்டாக வாத்தியங்களை மாற்றிக்கொள்வதுண்டு என்பார்கள்.

கேட்டுப் பாருங்கள், வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு அது ஒருமுறை கேட்கும் பதிவு. இரண்டு பக்கமும் ஒரே மனம் என்பதால் எங்கேயும் ஒரு தடங்கலோ ஒரு சம்மதமோ நிகழ்வதில்லை. ஹாஸ்கில் ஒரு சுரத்தைச் சற்றே தாமதித்து வைக்கும்போது க்ரூமியோவின் வில் காத்திருப்பது கேட்கும்; தன்னோடு தானே வாசிக்கும்போது அவர் யாருக்கும் காத்திருக்கவில்லை.

கேள்வி: சேம்பர் இசை, கொன்செர்ட்டோ, சின்ஃபோனியா கொன்செர்ட்டான்டே என்று மூன்று பெயர்கள் தட்டுகளின் உறையில் வருகின்றன. என்ன வேறுபாடு? தமிழில் சொல்லக் கூடாதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை நகரம்)

பதில்: சேம்பர் என்றால் அறை. அரங்கில் அன்றி, ஒரு வீட்டின் கூடத்தில் சில பேர் மட்டும், ஆளுக்கொரு வழி என்று, நடத்துநர் இல்லாமல் சேர்ந்து வாசிப்பது. 'அறையிசை' என்று எழுதிப் பார்த்தேன். கன்னத்தில் விழுவது போல இருக்கிறது. சேம்பர் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். கொன்செர்ட்டோ என்பது ஒரு தனிவாத்தியமும் வாத்தியக் குழுவும் எதிரும் புதிருமாக நின்று வாசிப்பது. தாங்கள் மூன்றாவதாகக் கேட்டதுதான் சுவையானது. அதனை விளக்க நம் கரையிலேயே ஓர் உவமை கிடைக்கிறது.

நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கயிற்றிலும் வரிசையாக ஆட்கள். ஒருவர் அம்பாப் பாட்டின் அடியை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுப்பவர் தனியே மேடையில் நிற்பதில்லை. அவரும் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டேதான் பாடுகிறார். அடி முடிந்ததும் அவர் குரல் மற்றவர்களின் குரலுக்குள் போய்விடும். தூரத்தில் நின்று கேட்பவருக்கு யார் எடுத்துக் கொடுக்கிறார் என்று முதலில் தெரியாது. சின்ஃபோனியா கொன்செர்ட்டான்டே ஏறக்குறைய இதுதான்: கூட்டத்துக்குள்ளிருந்தே இரண்டு மூன்று குரல்கள் மேலெழுந்து, பேசி, மீண்டும் கூட்டத்தில் கலக்கும்.

இவ்வகையில் தலையாயது மோட்சார்ட் 1779இல் சால்ஸ்பர்க்கில் எழுதிய கே. 364. அதில் வயலினும் வியோலாவும் தனிக்குரல்கள். வியோலா என்பது வயலினைவிடச் சற்றுப் பெரியது, ஐந்து சுரம் கீழே சுருதி கொண்டது, பார்வைக்கு வயலினுக்கு அக்காள் போல இருக்கும். தொனி சற்றே மங்கலானது என்பதால் குழுவின் நடுவில் அமுங்கிப் போகக் கூடியது. மோட்சார்ட் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்: வியோலாவின் தந்திகளை அரைச்சுரம் ஏற்றிக் கட்டி வாசிக்கும்படி அந்த வழியை எழுதினார். தந்தி இறுகினால் ஒலி துலங்கும். விரல் படாமல் ஒலிக்கும், நன்றாக எதிரொலிக்கும் திறந்த தந்திகளும் அதிகம் பயன்படும். இன்று வியோலா வாசிப்பவர்களில் பலர் இதைப் பின்பற்றுவதில்லை.

க்ரூமியோ இதனை இத்தாலியக் கலைஞர் அரிகோ பெல்லிச்சியாவின் வியோலாவுடன், கோலின் டேவிஸ் நடத்திய இலண்டன் சிம்பொனிக் குழுவோடு 1960களில் பதிவு செய்தார். குழு வாசித்து அடங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரே சுரத்தை மேலும் கீழுமாக நீளப் பிடித்துக்கொண்டு இரு தனிக்குரல்களும் உள்ளே வருகின்றன; வந்துவிட்டன என்று காது உணர்வதற்குள் சில நொடிகள் கடந்துவிடும். மெதுவான நடுப்பகுதியில், வயலின் துயரமான ஒரு வாக்கியத்தைச் சொல்ல, வியோலா அதையே எடுத்துச் சற்று வெளிச்சமான இடத்துக்குத் திருப்பிப் பதில் சொல்கிறது. வயலின்காரர் தம் வாக்கியத்தைக் கனமாக, கண்ணீரும் கம்பலையுமாகச் சொல்லிவிட்டால் பின்னால் வரும் வியோலாவுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. க்ரூமியோ பாதியைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். அதனால் பெல்லிச்சியா பேசத் தொடங்கும்போது நமக்கு அது பதிலாகவே கேட்கிறது, எதிரொலியாக அன்று.

கேள்வி: வயலின் மேதை யாஷா ஹைஃபெட்ஸ் இருக்க, இந்த அடக்க ஒடுக்கமான மனிதரைத் தூக்கி வைக்கிறீர்கள். தனி வயலின் என்றால் தனியாக நிற்க வேண்டாமா? கொன்செர்ட்டோவிலும் ஒதுங்கி நின்றால் அது என்ன கலை?
(வாசகர், சாம்பல்தீவு)

பதில்: தாங்கள் கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள், எனினும் கேள்வி நியாயமானது. ஹைஃபெட்ஸுக்கு நிகரான விரல்கள் அந்த நூற்றாண்டில் வேறு எவருக்கும் வாய்க்கவில்லை என்பதில் எனக்கும் ஐயமில்லை. பியானோக் கலைஞர் ருபின்ஸ்டைனுடனும், செலோ என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கும் பியாட்டிகோர்ஸ்கியுடனும் சேர்ந்து அவர் வாசித்த மூவர் இசைப் பதிவுகளும் என்னிடம் உண்டு. அவற்றில் மூன்று பேரரசர்கள் ஒரே மேசையில் உண்பது போன்ற சுகம் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

பீத்தோவன் 1806இல் எழுதிய வயலின் கொன்செர்ட்டோவை எடுத்துக்கொள்வோம். மத்தளம் போன்ற டிம்பனி ஐந்து முறை மெதுவாகத் தட்டுவதில் அது தொடங்குகிறது. அதன் பிறகு மூன்று நிமிடத்துக்கு மேல் தனி வயலின் வாய் திறப்பதே இல்லை. இரண்டாம் பகுதி இன்னும் விசித்திரம். அங்கே முதன்மையான மெட்டைத் தந்தி வாத்தியங்கள் ஒலியடக்கி மாட்டிக்கொண்டு மெல்ல வாசிக்கின்றன; பிறகு ஹோர்ன், கிளாரினெட், பசூன் ஆகிய ஊதுவாத்தியங்கள் அதனைத் தம்முள் பகிர்ந்து வாசிக்க, தனி வயலின் அந்த மெட்டைச் சுற்றி மெல்லிய கோலம் மட்டும் போடுகிறது. அந்த மெட்டைத் தானாகத் தொடங்கி வாசிக்கும் உரிமை தனி வயலினுக்குக் கொடுக்கப்படவில்லை. எழுதியவரே ஒதுங்கி நிற்கச் சொல்லியிருக்கும் இடத்தில் ஒதுங்கி நிற்பது பலவீனம் ஆகாது. இங்கே வயலினைப் பெரிதாக்கி வாசிக்கும் பதிவுகளில் கிளாரினெட் வாசிப்பவர் என்ன சொன்னார் என்றே கேட்காது. க்ரூமியோவின் பதிவில் கேட்கும். இந்தக் கொன்செர்ட்டோவை அவர் வெவ்வேறு குழு நடத்துநர்களுடன் மூன்று முறை ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்தார்: 1957இல் வான் பெய்னுமுடன், 1966இல் கல்லியேராவுடன், 1974இல் கோலின் டேவிஸுடன். முதலாவதும் மூன்றாவதும் ஆம்ஸ்டர்டாமின் கொன்செர்ட்கெபோ குழுவினருடன் வாசித்தவை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 1974.

அவரால் தனியாக நின்று பட்டாசு கொளுத்த முடியாது என்று எண்ணிவிட வேண்டாம். நெடுங்காலம் எவரும் வாசிக்காமல் மறைந்து கிடந்த பாகனினியின் நான்காவது கொன்செர்ட்டோவை 1954இல் பாரிஸ் மேடையில் மீண்டும் உயிர்ப்பித்தவர் இவரேதான்; பதிவும் செய்தார். அது பாகனினி. விரல் இல்லாதவர் கிட்டப் போக முடியாத பொருள்.

தங்கள் பக்கம் நியாயம் இருக்கும் ஓரிடத்தையும் சொல்லிவிடுகிறேன். சாய்கோவ்ஸ்கியின் கொன்செர்ட்டோவை அவர் வாசித்தது எனக்கு நிறைவு தருவதில்லை. வாசிப்பில் குற்றம் எதுவும் இல்லை. அந்த இசை கொஞ்சம் அநாகரிகமாக இருக்க அனுமதி கேட்கிறது, அவர் அந்த அனுமதியைக் கொடுப்பதில்லை. அதற்கு ஹைஃபெட்ஸிடமே போங்கள்.

கேள்வி: க்ரூமியோ வாசித்த மோட்சார்ட்டின் மூவர் இசையைக் கைபேசியில் தேடிக் கேட்டேன். எல்லாம் கீச்சுக் கீச்சென்று மேலே மட்டும் ஓடுவது போல இருந்தது. இதில் என்ன பெருமை?
(வாசகி, கிண்ணியா)

பதில்: குற்றம் இசையில் இல்லை, கைபேசியில். செலோவின் அடித்தந்தி நொடிக்கு ஏறத்தாழ 65 அதிர்வு. வயலினின் அடித்தந்தி 196. கைபேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியால் அந்த 65ஐ வெளிக்கொணர முடியாது. மூவரில் ஒருவர் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டால் மற்ற இருவரின் பேச்சு அரைகுறையாகத்தானே கேட்கும்! காதுக்குள் வைக்கும் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, மோட்சார்ட்டின் கே. 563 திவெர்த்திமென்டோவின் இரண்டாம் பகுதியை மட்டும் மறுபடி கேளுங்கள். தொடக்கத்திலேயே கீழிருந்து படிப்படியாக மேலேறி வருவது செலோ. தங்கள் கைபேசி விழுங்கிவிட்டது அதைத்தான்.

அதை வாசித்தவர்கள் 'க்ரூமியோ மூவர்': வயலின் க்ரூமியோ, வியோலா ஜோர்ஜ் யான்செர், செலோ ஏவா சாக்கோ. பின்னிருவரும் கணவன் மனைவி. யான்செர் அதற்கு முன் புகழ்பெற்ற வேக் நால்வர் குழுவில் வியோலா வாசித்தவர். வருடக்கணக்காக நால்வரில் நடுக்குரலாக இருந்த ஒருவருக்கு, மேல்குரல் எப்போது மூச்சு வாங்கும் என்பது எழுதி வைத்துத் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பதிவு 1967இல் செய்யப்பட்டது. மோட்சார்ட் இதை 1788 செப்டம்பரில் எழுதி முடித்து, தமக்கு அடிக்கடி கடன் கொடுத்து உதவிய வியாபாரி மிகாயெல் புக்பெர்க்குக்குக் காணிக்கையாக்கினார். கடனைத் திருப்பிக் கொடுக்கப் பணம் இல்லாதவன் கொடுத்த வட்டி என்று வைத்துக்கொண்டாலும், உலகில் இதைவிடப் பெரிய வட்டி கட்டப்பட்டதில்லை. ஆறு பகுதிகள், முக்கால் மணி நேரத்தை நெருங்கும். பெயர் என்னவோ 'பொழுதுபோக்கு' என்று பொருள்படும்.

மூன்றே பேர் என்பதால் எவருக்கும் ஒளிந்துகொள்ள இடமில்லை. நால்வர் என்றால் ஒருவர் சற்று ஓய்ந்தாலும் மூன்று குரலும் சேர்ந்த ஒலி மிச்சம் இருக்கும். இங்கே ஒருவர் ஓய்ந்தால் ஒலி எலும்பும் தோலுமாகிவிடும். ஆகவே மேலே நிற்கும் வயலின் சில நொடிகளுக்கு மெட்டை விட்டுவிட்டு, வியோலாவுக்குத் தாங்குகட்டையாக வெறும் இரண்டு சுரத்தை மாற்றி மாற்றி வாசிக்க வேண்டி வருகிறது. நான்காம் பகுதியில் இது அடிக்கடி நிகழும். க்ரூமியோ அந்த இரண்டு சுரத்துக்கும் மெட்டுக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுக்கிறார். பிடித்துப்போனால், இதே மூவருடன் மேலும் இருவர் சேர்ந்து 1973இல் பதிந்த மோட்சார்ட்டின் ஆறு ஐவர் இசைகளுக்குப் போகலாம். இங்க்ரிட் ஹேப்லரின் பியானோவுடன் 1966இல் பதிந்த ஷூபெர்ட்டின் 'ட்ரவுட்' ஐவர் இசையும் அருமையானது; ட்ரவுட் என்பது ஓர் ஆற்று மீன், ஆகவே நம்மூரில் அதற்கு ரசிகர் குறைவிருக்காது.

கேள்வி: நான் ஆறு வருடமாகக் கர்நாடக முறையில் வயலின் கற்கிறேன். மேற்கத்திய வயலின் கேட்டால் கமகம் கெட்டுவிடும் என்று என் ஆசிரியர் சொல்கிறார். கேட்கலாமா?
(மாணவி, மூதூர்)

பதில்: மகளே, ஆசிரியர் சொன்னதைத் தட்டி நடக்கும்படி எழுத எனக்கு மனம் வராது, அவருடைய அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. இரு முறைகளுக்கும் வாத்தியம் ஒன்றே தவிர உடம்பு வேறு. நீ சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வைத்திருக்கிறாய். அதனால் இடக்கை வாத்தியத்தைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டுத் தந்தி நெடுக வழுக்கி ஓடுகிறது. அவர்கள் மோவாய்க்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு நிலையில் கையை நிறுத்தி விரல்களை மாற்றுகிறார்கள். உன் தந்திகள் ஸ, ப, ஸ, ப என்று கட்டப்பட்டவை. அவர்களுடையவை ஒன்றுக்கொன்று ஐந்து சுரத் தூரத்தில் சீராகக் கட்டப்பட்டவை. அவர்களுடைய விரலதிர்வு ஒரு சுரத்தின் மேலேயே நின்று நடுங்குவது; கமகம் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழி தேடிப் போவது. கேட்டுக் கேட்டு அந்த நடுக்கம் உன் விரலில் ஏறிவிட்டால் தோடியும் பைரவியும் தடம் புரளும்.

வில் பிடித்த கைக்கு அந்த ஆபத்து இல்லை. ஆகவே ஆசிரியரிடம் கேட்டு அனுமதி பெற்று, வலக்கைக்காக மட்டும் கேள். 1960, 1961ஆம் ஆண்டுகளில் க்ரூமியோ பதிந்த, பாக் தனி வயலினுக்காக எழுதிய ஆறு படைப்புகளில் ஏதேனும் ஒன்று போதும். வில் மேலே போய்க் கீழே திரும்பும் இடத்தில் ஒலி அறுபடுகிறதா என்று கவனி. பெரும்பாலும் உனக்குத் தெரியாது, தெரியாததுதான் பாடம். நீண்ட சுரம் ஒன்று தொடங்கிய பருமனிலேயே முடிகிறதா, நடுவில் வீங்கி அடங்குகிறதா, அது அவர் வேண்டுமென்று செய்ததா என்றும் பார். பிறகு உன் வயலினை எடுத்து, மத்திய ஸட்ஜத்தை ஒரே வில்லில் பன்னிரண்டு எண்ணும்வரை பிடித்துப் பார். உன் ஆசிரியர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார் என்றே நம்புகிறேன்.

கேள்வி: உப்புவெளி அன்பர் சொன்னது போல என்னிடமும் பழைய தட்டுகள் உள்ளன. கடற்காற்றில் உறை முழுவதும் பூஞ்சணம். எதைக் கொண்டு துடைப்பது?
(வாசகர், கோட்டை வீதி)

பதில்: ஐப்பசி தொடங்கித் தை வரை நம்மூரில் சுவரே வியர்க்கிறது, தட்டு மட்டும் என்ன செய்யும்? முதலில் அடுக்கிப் படுக்க வைத்திருப்பதை நிறுத்துங்கள். புத்தகம் போல நிமிர்த்தி, வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். பூஞ்சணம் பிடித்த உறைகளை நீக்கிவிட்டு, உள்ளே புதிய தாள் உறை போடுங்கள். முப்பத்து மூன்று சுற்றுத் தட்டுகள் வினைல் என்பதால் பற்றரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரும் மிருதுவான துணியும் போதும். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தை நனைக்காமல், பள்ளங்கள் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், அந்த எண்ணெயில் ஒட்டும் தூசியை முள் உழுதுகொண்டு போகும்.

எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டுகள் இருந்தால் அவை வேறு சாதி. அவை அரக்கினால் ஆனவை. பல வருடங்களுக்கு முன் பழுதுபார்க்கும் ஒருவர், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் எல்லாப் பூஞ்சணமும் போய்விடும் என்று உறுதியாகச் சொன்னதை நம்பி, என் தகப்பனாரின் தட்டு ஒன்றைத் துடைத்தேன். மரத்தச்சர்கள் அரக்கைக் கரைத்து மெருகெண்ணெய் செய்வது ஸ்பிரிட்டில்தான் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. பூஞ்சணம் போயிற்று, அதோடு இரண்டு விரல் அகலத்துக்குப் பள்ளங்களும் கரைந்து கண்ணாடி போலாகிவிட்டன. இப்போதும் எப்போதாவது போடுவேன். அந்த இடம் வந்ததும் முள் சறுக்கிக்கொண்டு பாட்டின் கடைசி அடிக்குப் போய்விடும்.